இழை தெரிந்தால் போதும்

நம் வயதில் நாலு பேர் கூடினால் பேச்சு மூட்டுவலியில் ஆரம்பித்துக் கண் ஆபரேஷனில் வந்து நிற்கும். போன வாரமும் அப்படித்தான். ஒருத்தி தனக்கு வைத்த லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு என்றாள். இன்னொருத்தர், சொட்டு மருந்தை நேரத்துக்கு விட மறந்துவிடுகிறேன் என்று ஏதோ பெருமை போலச் சொல்லிச் சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். இவளுக்கு என்ன வந்தது என்று நீங்கள் பேசியிருப்பீர்கள். கோபக்காரி என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவள்தான், இன்னொன்று சேர்ந்தால் குறைந்தா போய்விடுவேன்? ஆனாலும் ஏன் எழுந்து வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. ஆரணியில் பட்டு நெய்கிற தெரு ஒன்றில் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா கூலிக்கு நெய்தார். அந்தத் தெருவில் வேதக்கார வீடு எங்களுடையது ஒன்றுதான். அம்மா வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அப்பா அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவார், பாட்டுக்கு வாயசைப்பார், அத்தோடு சரி. வீட்டு பக்தி முழுக்க அம்மா பொறுப்பு.

அக்காவின் வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் வால் தறியிலேயே மிச்சம் இருக்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். நாலாயிரம் இழைக்குக் குறையாது. அக்கா விரலில் துளி சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாளானால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போகிற போக்கைப் பார்க்க நமக்குத்தான் தலை சுற்றும். சாம்பலும் பட்டும் கலந்த ஒரு வாசனை அவள் கையில் எப்போதும் இருக்கும். சோறு பிசைந்து ஊட்டினால் சோற்றிலும் அது வரும். எனக்கு அது பிடிக்கும்.

எங்கள் தெருவில் கண் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் வேண்டாம். ஒற்றை இழையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, 'தெரியுதா?' என்பார்கள். தெரிந்தால் நல்ல கண். தெரியாவிட்டால் கிழடு தட்டிவிட்டது. அவ்வளவுதான் பரிசோதனை. இழையைப் பார்க்கிற கண்ணுக்கு மாடும் வண்டியும் தெரியாமல் போகுமா என்று யார்தான் யோசிப்பார்கள்?

ஐப்பசி மழை விட்ட சமயத்தில் அக்கா எல்லாவற்றிலும் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வாசல் நிலை, தண்ணீர்க் குடம், பக்கத்து வீட்டுக்காரர் சாய்த்து வைத்த சைக்கிள். பக்கவாட்டில் நான் சோற்றுத் தட்டை நீட்டிக்கொண்டே நிற்பேன், அவள் பாட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டு, "இன்னும் போடலியாடி?" என்பாள். நான் சிரிப்பேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வயசுப் பெண், மனசு எங்கேயோ மேய்கிறது என்று தீர்மானம் பண்ணிவிட்டாள்.

"நடக்கும்போது எங்கடி பராக்குப் பாத்துகினு போறே? யாரைத் தேடுறே?" என்று கேட்டுக் கேட்டு அவளை அழவைத்தாள். தலைக்குப் பூவோ கண்ணுக்கு மையோ வைக்கத் தெரியாத பெண் அவள். அவளைப் போய் அப்படிக் கேட்டாள் அம்மா.

ஒருநாள் மார்க்கெட் தெருவில் ஜட்கா வண்டி ஒன்று இடப்பக்கமாக வந்து அவளைத் தட்டிவிட்டது. முழங்கை கிழிந்து ரத்தம். வண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, கண்ணு முதுகுலயா கீது? மணி அடிச்சிகினு தானே வரேன்!" என்று கத்தினார். அப்பா கூட இருந்தார். வீட்டுக்கு வந்து, "பெரியவளே, உண்மையைச் சொல்லு, பக்கத்துல வர்றது உனக்குத் தெரியுதா இல்லியா?" என்று கேட்டார். அக்கா, "அப்பப்ப தலை வலிக்குதுப்பா. லைட்டைப் பாத்தா சுத்தியும் கலர் கலரா வளையம் தெரியுது" என்றாள். அந்த வாரமே வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதை அப்பா திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, ஓரத்திலிருந்து பார்வை போய்க்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். மருந்து விட்டால் மங்கலாக இருக்கும், பயப்படக்கூடாது, நிறுத்தவும் கூடாது.

பழுப்பு நிறச் சின்னப் புட்டி, ரப்பர் மூடி. மருந்து விட்டதும் அக்கா புருவத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்குப் பாவு பிணைக்க முடியாது. எல்லாம் மூட்டமாக இருக்கிறது என்பாள். இப்போது கவனியுங்கள், எங்கள் வீடு இடறி விழுந்த இடம் இதுதான். மருந்து விட்டால் இழை தெரியவில்லை. விடாமல் இருந்தால் தெரிகிறது. நெசவுக்காரர் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள்? மருந்துதான் கண்ணைக் கெடுக்கிறது என்றாள் அம்மா. அப்பா மறுத்துப் பேசினார், ஆனால் அவர் குரலிலும் முன்னைப் போல உறுதி இல்லை.

மார்கழியில் உபதேசியார் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சைக்கிளிலேயே போய் வருவார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அக்கா தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஒரு குருவி செத்து விழுந்தாக்கூட அவருக்குத் தெரியாம விழாதும்மா. உங்க பொண்ணு தலையில எத்தினி முடி கீதுன்னு எண்ணி வெச்சுகினு இருக்கறவருக்கு, அவ கண்ணு தெரியாதா? தைரியமா இருங்க."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் அக்காவுக்குத் தலை வாரும்போது முடியை எண்ண ஆரம்பித்தேன். இருநூறு தாண்டுவதற்குள் கணக்குத் தப்பியது.

"பேன் வேற குறுக்க குறுக்கப் போவுதுக்கா."

"அதையும் எண்ணித்தான் வெச்சிருப்பாரு, நீ வாரு" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படி நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

தை பிறந்ததும் அம்மா மூன்று நாள் உபவாசம் எடுத்தாள். அந்த மூன்று நாளும் மருந்து கிடையாது என்றாள். அப்பா, "டாக்டரம்மா நிறுத்தவே கூடாதுன்னாங்க" என்றார். "மூணே மூணு நாளு. அவரு கையில உட்டுப் பாப்போம். கூடவே மருந்தையும் வெச்சுகினு கேட்டா அது நம்பிக்கையா?" என்றாள் அம்மா. உபதேசியார் மருந்தை நிறுத்தச் சொல்லவே இல்லை. அம்மாவாகத்தான் அந்த முடிவுக்கு வந்தாள். மூன்றாம் நாள் முதலாளி வீட்டிலிருந்து புதுப் பாவு வந்தது. அக்கா உட்கார்ந்தாள். புருவ வலி இல்லை, மூட்டம் இல்லை. பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசி பிணைத்துவிட்டாள், ஒரு இழை தப்பவில்லை. அப்பா குனிந்து குனிந்து பார்த்தார். ஒற்றை இழையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"அப்புறம் இன்னா" என்றார் அப்பா. அவர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா மண்டி போட்டுத் தரையில் நெற்றியை வைத்து அழுதாள். பிறகு புட்டியைக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல்லடியில் கொட்டினாள். காலிப் புட்டியை மை ஊற்ற எனக்குக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அம்மா எழுந்து சாட்சி சொன்னாள். முந்தானை முடிச்சிலிருந்து அக்கா பிணைத்த பட்டு இழையை எடுத்து நீட்டி, "வேலூர் டாக்டரு ஆயுசு பூரா மருந்து விடணும்னாங்க. என் மவ இந்த இழைய நேத்து பிணைச்சா" என்றாள். யாருக்கும் அந்த இழை தெரிந்திருக்காது, அத்தனை மெல்லியது. இருந்தும் சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அக்கா என் பக்கத்தில் பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. தெருவிலும் பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் அவர்கள் வீட்டு வெள்ளிக்கிழமைப் பூஜையை முடித்துக்கொண்டு வந்து, "எந்த சாமியா இருந்தா இன்னா, பொண்ணு கண்ணு வந்துச்சே" என்று அக்காவுக்குத் திருஷ்டி சுற்றிவிட்டுப் போனாள்.

மாசி கடைசியில் ஒரு சாயங்காலம் ஆற்று ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போனோம். அக்கா மணலில் உட்கார்ந்துகொண்டு, "என் காதுகிட்ட கைய வெச்சு, மெதுவா முன்னாடி கொண்டாடி" என்றாள். கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டியது. கண்ணைத் தாண்டியது. மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "இப்ப தெரியுது" என்றாள். மறுபக்கமும் அப்படியே. நான் விளையாட்டு என்று நினைத்து மறுபடி கையைத் தூக்கினேன்.

"போதும். யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். "சின்ன வட்டமாத்தான் தெரியுது. அதுக்குள்ள இழை நல்லாத் தெரியுது. மத்ததெல்லாம் இல்ல."

"அம்மாகிட்ட சொல்லலாம்க்கா."

"எப்பிடிச் சொல்றது? அத்தினி பேர் முன்னாடி எழுந்து சொல்ட்டாங்க. இப்ப நான் போய் இல்லன்னா, அம்மா மூஞ்சிய எங்க வெச்சுக்குவாங்க? கர்த்தரை வேற தெருவே பேசும்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்குது" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு எதுவரைக்கும் தெரியுது, எங்கேர்ந்து தெரியலன்னு அவருக்குத் தெரியும்ல. நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லாம ஒருத்தருக்குத் தெரியும். அத நெனச்சுகினு படுத்தா தூக்கம் வருது."

நான் ஒப்புக்கொண்டேன். பத்து வயதில் அது எனக்குப் பெரிய ஆறுதலாகக்கூட இருந்தது. அவளைத் தவிர உலகத்திலேயே அந்த ரகசியம் இரண்டு பேருக்குத்தான் தெரியும், கடவுளுக்கும் எனக்கும். அவர் பெரியவர், அவர் பார்த்துக்கொள்வார், நான் எதற்கு நடுவில்? இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

அதிலிருந்து அக்காவுக்கு ஓரக்கண் நான்தான். தெருவில் போகும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். ஒரு கிள்ளு என்றால் நில், இரண்டு என்றால் படி. அக்கா தங்கை எவ்வளவு ஒட்டுதல் என்று ஊர் மெச்சியது. அம்மாவும் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அக்கா எதிலும் இடித்துக்கொள்ளாததையே இரண்டாவது சாட்சியாகச் சபையில் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நான் அவ்வளவு கெட்டிக்காரி.

ஆடி மாதம் ஒரு பச்சைப் பாவு, சிவப்புக் கரை. அக்கா நாலு நாளாகப் பிணைத்தாள். ஒரு நாளில் முடிக்கிறவளுக்கு ஏன் நாலு நாள் என்று அம்மா கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்றாள். அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து பாவை இழுத்தார். சேலையின் பச்சை உடம்புக்குள் கரைச் சிவப்பு வந்து நின்றது. இழை எல்லாம் இறுக்கமாக, முடிச்சு ஒன்றுகூட நழுவாமல்தான் இருந்தது. எங்கேயோ சில இழைகளை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்திருக்கிறாள். கரை இழை உடம்போடு சேர்ந்துவிட்டது. விரலுக்குப் பட்டு தெரியும், நிறம் தெரியாது.

அப்பா கத்தினார். "இன்னா வேலை இது? முதலாளிக்கு யாரு பதில் சொல்றது? எந்த நெனப்புல பிணைச்சே? சிவப்பு எது பச்சை எதுன்னு தெரியாது?"

அக்கா தறிக்குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு, அப்பா இருக்கிற பக்கம் என்று எதையோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாலு நாளா தெரியலப்பா."

மறுநாள் விடியற்காலைப் பஸ். நால்வரும் போனோம். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது அப்பா இட்லி வாங்கிவந்தார். யாரும் தொடவில்லை, அக்கா மட்டும் சாப்பிட்டாள். சட்னி நல்லாயிருக்குதும்மா என்றாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே டாக்டரம்மா. அக்கா இரண்டு கண்ணிலும் மாறி மாறி விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "மருந்தை எப்ப நிறுத்தினீங்க?" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அவளுக்கு இழை தெரிஞ்சுதும்மா. பட்டு இழை. நானே கண்ணால பாத்தேன்" என்றாள். அதையே மறுபடி மறுபடி சொன்னாள்.

டாக்டரம்மா விரலை வளையமாகச் சேர்த்துத் தன் கண்ணருகே வைத்துக் காட்டினார். "இந்த அளவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. இழை அதுக்குள்ள வந்திருக்கும். சுத்தி ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, நரம்பு செத்துப்போச்சு. நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட அந்த வட்டத்தையாவது காப்பாத்தியிருப்பேன்." அப்புறம் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்து, "கூட இருந்த ஒருத்தருக்குமா தெரியல?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அங்கே சிமெண்டில் ஒரு விரிசல் இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கும் தெரியாதுங்க. நான் சொல்லல" என்றாள் அக்கா.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னது எங்கள் காதுக்கே வந்தது. அந்தப் பழமொழியை இன்றைக்கும் என் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. உபதேசியார் வந்து வாசலோடு நின்றார். உள்ளே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனார். அப்பா சபைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அம்மா நிறுத்தவில்லை. கடைசிப் பாயில் போய் உட்கார்ந்தாள். சாட்சி சொல்லுகிற நேரம் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். எண்பதுகளின் நடுவில் அவள் சாகிறவரைக்கும் அப்படித்தான். என் மகள் கண்ணை நான்தான் கல்லடியில் கொட்டினேன் என்று சாகிறவரைக்கும் சொன்னாள்.

நான் பக்கத்தில் இருந்தேன். அவள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். அம்மா, எனக்கும் தெரியும், மாசியிலேயே தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று வருஷம் வருஷமாகத் தள்ளினேன். அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்தோம்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கல்யாணம் இல்லை. அறுபது தாண்டியவள் காலையில் எழுந்ததும் முகம் கழுவிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவாள். ஒருநாள் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "என் மூஞ்சிய நான் பதினேழு வயசுல பாத்ததுதான். அதுக்கப்புறம் அது எப்பிடி எப்பிடி மாறுச்சின்னு எனக்குத் தெரியாது. அவருக்கு ஒண்ணு விடாம தெரியும்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அது ஆறுதல். எனக்கு அதே வார்த்தைதான் பயம். அவளைத் தெரிந்தவருக்கு என்னையும் தெரியுமே. எனக்கு ஜெபிக்க வாய் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன வாரம் உங்களை விட்டுவிட்டு எழுந்து வந்தேனே, அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளிடம் பாய்ந்தேன். அத்தனை வருஷமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அவருக்குத் தெரியும் தெரியும்னு சொல்லிகினே இருக்கியே. தெரிஞ்சு இன்னாத்துக்கு? உன் கண்ணு கொஞ்சம் கொஞ்சமாப் போறதை சும்மா பாத்துகினுதானே இருந்தாரு? அப்பிடிப்பட்டவரை எப்பிடிக்கா உன்னால விடாம இருக்க முடியுது?"

அக்கா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கோபமே இல்லை.

"நீயும்தானே பாத்துகினு இருந்தே" என்றாள். "உன்னை உட்டுட்டேனா?"